கடலோரம் வேண்டாம் என்ற தீவு

கார் நிக்கோபாருக்குச் சுற்றுலா போக முடியாது. படித்து முடித்ததும் யாராவது டிக்கெட் விலை விசாரிப்பீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழங்குடியினரைப் பாதுகாக்க 1956-இல் போட்ட ஒழுங்குமுறைச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. தீவில் கால் வைக்க ‘டிரைபல் பாஸ்’ வேண்டும். அங்கே வேலை பார்க்கும் அரசு ஊழியர், ராணுவத்தார், லைசென்ஸ் உள்ள கடைக்காரர், கட்டட வேலைக்கு வரும் ஆட்கள் என்று காரணம் உள்ளவர்களுக்குத்தான் அது கிடைக்கும். வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுமதியே இல்லை. கடற்கரை ரிசார்ட் கிடையாது, ஸ்கூபா டைவிங் கிடையாது, செல்ஃபி எடுக்க வளைவு கிடையாது.

எனக்குக் காரணம் இருந்தது. வானிலைத் துறையில் வேலை. தீவுப் பணிக்கு யார் போகிறீர்கள் என்று கேட்டபோது எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆபீசில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, “என்னம்மா, பனிஷ்மென்ட்டா?” என்றார். இல்லை சார், விவாகரத்து என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

என் கல்யாணத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அடிக்கவில்லை, குடிக்கவில்லை. அதனாலேயே ஊருக்குப் புரியவைக்க முடியவில்லை. சம்பளம் ஏறிய அன்றே என் ஏ.டி.எம். கார்டு மாமியாரின் பீரோவுக்குப் போய்விடும். நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்தால் வீட்டில் ஒருவரும் பேசமாட்டார்கள். பேசாமலிருப்பதை ஒரு வேலையாக, நாள் தவறாமல், லீவு எடுக்காமல் செய்தார்கள். கடைசியில் இருவரும் சம்மதித்து இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் மனுப் போட்டோம். ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017-இலேயே சொல்லிவிட்டது. இருந்தாலும் எங்களுக்கு அந்த ஆறு மாதமும் முழுசாகத்தான் ஓடியது.

பிறகு அம்மா வீடு. திருநெல்வேலிப் பக்கம். மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் போட்டது. 2005-இல் நாடு முழுக்க வந்தது. பங்கு இருந்தது, படுக்க அறைதான் இல்லை. என் பழைய அறையில் அண்ணன் நெல் மூட்டை அடுக்கியிருந்தான். மதினி நல்லவள்தான். “மூட்டைய எடுக்கச் சொல்லுதேன்” என்று தினமும் சொன்னாள். மூட்டை அங்கேயேதான் இருந்தது.

அப்போது மனசுக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. கடலோரம் ஒரு சின்ன வீடு, ஜன்னலைத் திறந்தால் அலை, கேள்வி கேட்க ஆளில்லை. எந்த சினிமாவில் பார்த்தேனோ தெரியாது. வாழ்க்கையை மறுபடி தொடங்குகிறவர்கள் எல்லாரும் கடலுக்குத்தான் போகிறார்கள் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

போர்ட் பிளேரிலிருந்து (2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் கப்பலில் எல்லாரும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறார்கள்) தெற்கே சுமார் 270 கிலோமீட்டர். மாலையில் ஏறினால் பொழுது விடிந்து இறங்கலாம், கடல் ஒத்துழைத்தால். லிட்டில் அந்தமானைத் தாண்டியதும் பத்து டிகிரிக் கால்வாய். ஏறக்குறைய 150 கிலோமீட்டர் அகலத்துக்கு நடுவில் ஒரு திட்டுகூடக் கிடையாது. அதுவரை சீட்டாடிக்கொண்டிருந்த தமிழ்க் கொத்தனார்கள் சீட்டை மடித்து வைத்துவிட்டு ஆளுக்கொரு பாலிதீன் பையோடு படுத்துவிட்டார்கள். நானும் படுத்தேன். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிரலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் நிமிர்ந்தது. என் பங்க்குக்குக் கீழே ஒரு நிக்கோபாரிப் பாட்டி கூடையில் இரண்டு கோழிகளை வைத்துக்கொண்டு, இரவு முழுக்க அவற்றோடு பேசிக்கொண்டே வந்தார். அலுப்பே இல்லை. யாராவது யாரோடாவது இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

விடிந்தபோது தீவு தெரிந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. உண்மையில் தெரிந்தது தென்னை மட்டும்தான். கார் நிக்கோபாரில் மலை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பவளப்பாறை மேடு, 127 சதுர கிலோமீட்டர், தட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் கடலிலிருந்தே தென்னை முளைத்த மாதிரி இருக்கிறது. பக்கம் போனால் தண்ணீரின் நிறம் மாறுகிறது. ஆழத்தில் மையிருட்டு, பிறகு நீலம், கரையோரம் ஒரு பச்சை. அந்தப் பச்சைக்குத் தமிழில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மணல் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசுகிறது. அடித்து நொறுங்கிய பவளம் அது. கப்பல் மூஸ் கிராமத்துத் துறையில் அணைந்தது. போலீஸ்காரர் பாஸை வாங்கிப் பார்த்தார். “ஹஸ்பெண்ட் எங்கே, கூட வரலையா?” இந்தியாவின் எந்த மூலைக்குப் போனாலும் அந்தக் கேள்வி முன்னாலேயே போய் நிற்கும்.

குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் ஊழியரிடம், கடல் தெரிகிற மாதிரி கிடைக்குமா என்று கேட்டேன். அவர் நிக்கோபாரி. நான் ஏதோ வேடிக்கை சொன்னதுபோலச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இந்தியில் சொன்னார்: “மேடம், இங்கே கடலோரத்தில் யாரும் குடியிருப்பதில்லை.”

சுனாமிக்கு முன்னால் அத்தனை கிராமமும் கடலோரம்தான் இருந்தன. மலாக்கா, பெர்க்கா, காகனா, அரோங், தமலு, சவாய், பெரிய லபாத்தி, சின்ன லபாத்தி எல்லாமே. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சற்று முன்னால் பூமி ஆடியது. சுமத்ராவுக்கு அருகே தொடங்கிய உடைப்பு, கடலுக்கடியில் நிக்கோபார், அந்தமான் வரை கிழித்துக்கொண்டே வந்தது. அதனால் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் இரண்டு மணி நேரம் கழித்து வந்த அலை இங்கே சில நிமிடங்களில் வந்துவிட்டது. இங்குள்ள விமானப்படைத் தளத்தில் மட்டும் வீரர்களும் குடும்பத்தாருமாக நூறு பேருக்கு மேல் போனார்கள். நிக்கோபார் மாவட்டத்தில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் அரசுக் கணக்கிலேயே மூவாயிரத்துக்கு மேல். தீவும் சுமார் ஒரு மீட்டர் இறங்கிவிட்டது. முன்பு தென்னந்தோப்பாக இருந்த இடத்தில் இப்போது அலை அடிக்கிறது. தலையில்லாத தென்னை மரங்கள் சில இடங்களில் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன.

பிழைத்தவர்கள் தீவின் உட்பக்கம், மேட்டுக்குப் போனார்கள். அங்கேயே புதுக் கிராமம் அமைத்தார்கள். பழைய ஊரின் பெயரையே புது ஊருக்கும் வைத்துக்கொண்டார்கள். ஆகவே மலாக்கா என்று பஸ் ஏறினால் மலாக்காவில்தான் இறங்குவீர்கள், மலாக்கா இருந்த இடத்தில் இறங்கமாட்டீர்கள்.

எனக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் ஜன்னலைத் திறந்தால் பப்பாளி மரமும் தண்ணீர் டேங்கும் தெரிந்தன.

என் வேலையைப் பற்றி இரண்டு வரி. காலை எட்டரைக்கு ஸ்டீவன்சன் ஸ்கிரீனின் கதவைத் திறக்க வேண்டும். வெள்ளையடித்த மரச்சட்டங்களால் செய்த பெட்டி. வெயில் நேராக விழக் கூடாது என்பதற்காகக் கதவு வடக்கே பார்த்திருக்கும். உள்ளே நான்கு தெர்மாமீட்டர். ஒன்றின் குமிழில் ஈர மஸ்லின் துணி சுற்றியிருக்கும். துணி அழுக்கானால் கணக்குத் தப்பும் என்பதால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு மழைமானி. பிறகு நிமிர்ந்து பார்த்து, வானத்தை எட்டுப் பங்காக மனசுக்குள் பிரித்து, எத்தனை பங்கு மேகம் என்று எழுத வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இதே. மே முதல் டிசம்பர் வரை பெரும்பாலும் எட்டுக்கு ஆறு, ஏழு. கூரைமேல் மழை விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. வருஷம் முழுக்க வெப்பநிலை பெரிதாக ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அக்னி நட்சத்திரம் பார்த்து வளர்ந்தவளுக்கு அது ஒன்றே பெரிய நிம்மதி.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நிக்கோபாரிக் குடும்பம். குடும்பம் என்று நான் எண்ணிப் பார்க்க முயன்றேன், எண்ண முடியவில்லை. காலையில் இருந்த ஆட்கள் மாலையில் வேறாக இருந்தார்கள். யார் யாருக்குப் பிள்ளை என்பது புரியவே இல்லை. ஒரு பையன் மூன்று பெண்களிடம் ஒரே உரிமையோடு அடம் பிடித்தான். அந்த வீட்டு மூத்த பெண்மணியை எல்லாரும் கூப்பிடுகிறபடி நானும் ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். அவர் என்னை மேடம் என்றார்.

முதலில் பழக்கமானது தாழைப்பழத்தால். நிக்கோபார்த் தாழை நம் ஊர் வேலித் தாழைக்கு உறவுதான். ஆனால் இதன் காய் ஆள் தலையைவிடப் பெரியது. ஆப்பு ஆப்பாகப் பிரியும். பெரிய பானையில் தண்ணீர் விட்டு, இலை பரப்பி, மூடி, மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். முன்பெல்லாம் இதற்குச் சௌரா தீவின் மண்பானை. நிக்கோபாரில் பானை வனைகிற உரிமை சௌராக்காரர்களுக்கு மட்டும். மற்ற தீவுக்காரர்கள் படகில் போய்ப் பண்டம் கொடுத்து வாங்கிவருவார்கள். இப்போது அடுப்பில் அலுமினிய அண்டா. வெந்த ஆப்பை எடுத்து ஒரு சிப்பியால் சுரண்டினால் மஞ்சள் கூழ் வழிந்து வரும், நாரோடு. அந்த நாரை எடுப்பதுதான் வித்தை. கூழை உருண்டையாகப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒரு நூலை இரு கையிலும் இழுத்துப் பிடித்து, உருண்டைக்குள் செலுத்தி வெளியே எடுப்பார் ஆன்ட்டி. நூலில் நார் சிக்கிக்கொண்டு வரும். துடைத்துவிட்டு மறுபடி செலுத்துவார். மேலிருந்து, குறுக்காக, சாய்வாக. நூல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நாரோடு வரும். கடைசியில் வெறுமனே வரும். அப்போது உருண்டை தயார். வாயில் போட்டால் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பழுத்த பலாச்சுளையோடு சேர்த்து மசித்த மாதிரி இருக்கும். தேங்காய்ப் பாலோடு, மீனோடு, பன்றிக் கறியோடு சாப்பிடுகிறார்கள். நூல் பிடிக்க எனக்கும் சொல்லிக் கொடுத்தார். என் உருண்டையில் நார் மிச்சம் இருந்ததைப் பார்த்து, அதைப் பன்றிக்குப் போடச் சொன்னார். அன்றைக்குத்தான் கேட்டார்.

“உன் ஆள் எங்கே?”

பிரிந்துவிட்டோம் என்றேன்.

“சரி, நீ எந்த வீட்டுக்குத் திரும்பினாய்?”

அந்தக் கேள்வி எனக்குப் பிடிபடவில்லை. ஏன் பிரிந்தாய், குழந்தை உண்டா, யார்மேல் தப்பு என்று வரிசையாக வரும் என்று பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். அவை எதற்கும் வேலையில்லாமல் போயிற்று. எந்த வீட்டுக்கும் இல்லை, இங்கே வந்துவிட்டேன் என்றேன். ஆன்ட்டி நூலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. விவாகரத்துக்காகப் பரிதாபப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தனி வீட்டில் இருக்கிறேன் என்பதற்காகப் பரிதாபப்பட்டவர் இவர்தான்.

துஹேத் என்பது அங்கே கூட்டுக் குடும்பத்துக்குப் பெயர். நிலமும் தென்னையும் பன்றியும் துஹேத்துக்குச் சொந்தம், தனி ஆளுக்கு இல்லை. கல்யாணம் ஆனால் பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டும் என்ற சட்டமும் இல்லை. எந்த துஹேத்தில் உழைக்க ஆள் குறைவு, எங்கே நிலம் அதிகம் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேசி முடிவு செய்வார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதும் அதே அளவுக்குச் சாதாரணம். ஒத்துவரவில்லை என்றால் போனவர் தன் துஹேத்துக்குத் திரும்பிவிடலாம். ஒவ்வொரு கிராமத்துக்கும் முதல் கேப்டன், இரண்டாம் கேப்டன் என்று தலைவர்கள் உண்டு. தகராறு பெரிதானால் அவர்களிடம் போகும். பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களோடு முடிந்துவிடும். பட்டியல் பழங்குடியினருக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது, அவரவர் வழக்கம்தான். நான் ஃபேமிலி கோர்ட் வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்திருந்ததை ஆன்ட்டிக்கு விளக்க முயன்றேன். “அந்த ஜட்ஜ் உன் சொந்தக்காரரா?” என்றார்.

இதை இத்தோடு நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். தீவு சொர்க்கம், பெண் சுதந்திரப் பறவை என்று எழுதிவிடலாம். ஆனால் அந்த வீட்டிலேயே ஒரு மகள் இருந்தாள், என்னைவிட இளையவள். புருஷன் ஊரிலிருந்து திரும்பி வந்துவிட்டவள். திரும்பியதற்காக யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் எழுந்து மற்றவர்களோடு தேங்காய் பொறுக்கப் போனாள், சர்ச்சில் பாடினாள், சிரித்தாள். அவளுடைய குழந்தை மட்டும் புருஷனின் துஹேத்திலேயே இருந்தது, பிறந்து வளர்ந்த வீட்டில். குழந்தை வீட்டுக்குச் சொந்தம், அதற்கு அங்கே இன்னும் நான்கு அம்மாக்கள் இருக்கிறார்கள் என்று ஆன்ட்டி சொன்னார். எனக்கு அது ஒப்பவில்லை. அவள் நினைத்தபோது பஸ் பிடித்துப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வருவாள். வந்த அன்று மாலை மட்டும் பன்றிகளைக் கூப்பிடும் வேலையை அவளே எடுத்துக்கொள்வாள். காட்டுக்குள் மேய்கிற பன்றிகள் வீட்டு ஆளின் குரல் கேட்டதும் புதரைப் பிளந்துகொண்டு ஓடிவரும், பிளந்த தேங்காய்க்காக. அன்றைக்கு அவள் தேவைக்கு அதிகமாகவே சத்தம் போடுவாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது தீவில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். சர்ச்சில் கட்டிய கல்யாணத்தைப் பெரியவர்கள் கூடிப் பேசி அவிழ்த்துவிட முடியாது. ஆன்ட்டியின் பாட்டி காலத்தில் சுலபமாக நடந்தது, இப்போது பாதிரியார்வரை போகிறது. சிலர் பிரியாமலே வேறு வேறு வீட்டில் இருக்கிறார்கள்.

அந்தக் கிறிஸ்தவத்துக்கு ஒரு தமிழ்த் தொடர்பு உண்டு. வேதப்பன் சாலமன் என்ற தமிழர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மூஸ் கிராமத்தில் வந்து தங்கினார். வேதம் சொல்லிக் கொடுத்தார், பள்ளிக்கூடம் நடத்தினார், பிரிட்டிஷ் அரசின் ஏஜென்ட்டாகவும் இருந்தார். அவர் எழுதிய நாட்குறிப்பின் பகுதிகளை 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் சேர்த்திருக்கிறார்கள். அவரிடம் படித்த சிறுவர்களில் ஒருவர்தான் ஜான் ரிச்சர்ட்சன்: பின்னாளில் பிஷப், நிக்கோபாரி மொழிக்கு பைபிளைக் கொண்டுவந்தவர், சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவையில் இந்தத் தீவுகளின் நியமன உறுப்பினர். ஜப்பானியர் பிடியில் தீவு இருந்த 1942 முதல் 1945 வரையான காலத்தில் சாவின் விளிம்புவரை போய்த் தப்பியவர். தீவின் ஆஸ்பத்திரிக்கு அவர் பெயர்தான். சாலமனோடு அவர் மனைவியும் அங்கே இருந்தார். எனக்கு முன்னால் இத்தனை மழையையும் பார்த்த தமிழ்ப் பெண் அவர். அவர் ஒரு நாட்குறிப்பு எழுதியிருந்தால் நான் அதைத்தான் முதலில் தேடிப் படிப்பேன். ராஜேந்திர சோழனின் கடற்படையும் இந்தப் பக்கம் வந்தது, மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வருகிற எல்லா அதிகாரிகளும் இதைச் சொல்லிவிடுகிறார்கள் என்பதால் நான் விட்டுவிடுகிறேன்.

வீட்டுக்கு வருகிறேன். பழைய கார் நிக்கோபார் வீடு வட்டமானது. ஆள் உயரத்துக்கு மேலான தூண்களில் தரை. அதன்மேல் புல் வேய்ந்த கவிந்த கூரை, சுவரும் அதுவே கூரையும் அதுவே. ஏணி போட்டு ஏறி, தரையிலுள்ள திறப்பு வழியாக நுழைய வேண்டும். உள்ளே அறைகள் கிடையாது. துஹேத் மொத்தமும் அங்கே படுக்கும். கீழே நிழலில் பகல் வேலை, அரட்டை, தொட்டில். ஓரிரண்டைப் பார்த்தேன், உள்ளே ஏறியும் பார்த்தேன். வெளியே வெயில் கொளுத்தியபோது உள்ளே குளுமை. கதவில்லாத வீட்டில் எனக்குத் தூக்கம் வருமா என்று ஒரு கணம் தோன்றியது.

சுனாமியில் அந்த வீடுகள் பெரும்பாலும் போயின. முதலில் தகரக் கொட்டகைகள் வந்தன. இந்த வெயிலில் தகரம் எப்படி இருக்கும் என்று கொட்டகைக்குள் குடியிருந்து பார்க்காதவர்கள்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்து நிரந்தர வீடுகள் வந்தன. இரும்புச் சட்டம், ஷீட் கூரை, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ஏற்றிவந்த பலகை. வரிசையாக, ஒரே அளவில். உறுதியான வீடுகள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வரைபடத்தைப் போட்டவர்கள் மனதில் இருந்தது நம் வீடு: ஒரு கணவன், ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள். நிவாரணப் பணமும் அப்படியே வந்தது. அதுவரை பேங்க் கணக்கே இல்லாதவர்களுக்குக் கணக்குத் திறந்து, குடும்பம் குடும்பமாகப் பிரித்து செக் கொடுத்தார்கள். இந்தத் தீவுகளில் நெடுங்காலம் ஆய்வு செய்த சிம்ரன் ஜித் சிங், உதவியாக வந்ததே இன்னொரு பேரிடர் ஆனதை விவரமாக எழுதியிருக்கிறார். பைக் வந்தது, டி.வி. வந்தது, குடியும் கூடவே வந்தது. ஒன்றாக இருந்த துஹேத்துகள் செக்கின்படி உடைந்தன.

என் வாழ்க்கையில் நான் விட்டு ஓடிவந்ததும் அதே வரைபட வீடுதான். ஒரு ஹால், இரண்டு பெட்ரூம், உள்ளே தாழ்ப்பாள். அதைக் கடலைத் தாண்டிக் கொண்டுவந்து இங்கே வரிசையாக நட்டு வைத்திருக்கிறோம். ஆன்ட்டி குடும்பத்துக்கும் அப்படி இரண்டு வீடுகள் ஒதுக்கினார்கள். அவர்கள் ஒன்றில் தேங்காய்க் கொப்பரையும் பன்றித் தீவனமும் போட்டு வைத்து, மற்றதை ஒட்டி மரத்தூண் நட்டு, ஓலை வேய்ந்து, ஒரு பெரிய திண்ணை இறக்கியிருக்கிறார்கள். தூக்கமும் சமையலும் சண்டையும் அந்தத் திண்ணையில்தான். எல்லாரும் இப்படி மீட்டுக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு டி.வி. பார்க்கும் வீடுகளும் அதே வரிசையில் இருக்கின்றன. அந்தக் கதவுகளுக்குப் பின்னாலிருந்து சில இரவுகளில் வரும் சத்தம் நமக்குத் தெரியாத சத்தமில்லை.

கடலுக்குப் போகாமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மகளோடு பழைய ஊர் இருந்த கரைக்குப் போவேன். அங்கே எல்பனம் என்று ஓர் இடம் இருந்ததாம், ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒன்று. ஊர்ப் பொது இடம், கடலைப் பார்த்தபடி. பிரசவத்துக்கு ஒரு வீடு அங்கே, சாகிறவர்களைக் கொண்டுவந்து வைக்க ஒரு வீடு அங்கே, இடுகாடும் அங்கே. நடுவில் வாழ்கிறதை மட்டும் சொந்த வீட்டில் வைத்துக்கொண்டார்கள். இப்போது அந்த இடத்தில் சிமென்ட் தரையின் உடைந்த மூலை ஒன்று மணலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அவள் அதன்மேல் உட்கார்ந்து இளநீர் வெட்டுவாள். கடலைப் பார்த்து அவளுக்குக் கோபமோ பயமோ இருப்பதாகத் தெரியவில்லை. மீனுக்கு, குளிக்க, ஹோடி என்கிற படகை இறக்க, பொழுதுபோக எல்லாவற்றுக்கும் கடலுக்கு வருகிறார்கள். இருட்டும் முன் மேட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால்விரல் நகம் தெரிகிறது. நீலமான சின்ன மீன்கள் கூட்டமாக வந்து முழங்காலைச் சுற்றிக்கொண்டு போகின்றன. அந்த நேரத்தில் என் வயதும் என் கதையும் எனக்கு நினைவில் இல்லை. இவ்வளவு போதுமே, இதற்குப் பக்கத்திலேயே வீடு எதற்கு என்று தோன்றியது.

சென்னையிலிருந்து கடலுக்கடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்து வைத்தார்கள். கார் நிக்கோபாருக்கும் அதில் ஒரு கிளை. அதன் முக்கியப் பயன் அம்மாவின் வீடியோ கால்.

“ஏட்டி, இன்னும் எத்தன நாளு அங்ஙன கெடப்ப? ஊருல வாழாவெட்டின்னு பேசுதாவட்டி.”

“இங்க யாரும் பேசலம்மா.”

“அங்ஙன யாரு இருக்கா பேச?”

போனைத் திருப்பித் திண்ணையைக் காட்டினேன். ஆன்ட்டி, மகள், இரண்டு சித்திகள், ஒரு பெரியப்பா, அடம் பிடிக்கும் பையன், அவன் தோளில் கோழிக்குஞ்சு. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் பையனுக்கு மூக்கு ஒழுகுது பாரு, தொடச்சு விடச் சொல்லு” என்றாள்.

அடுத்த மாதம் அந்த வீட்டில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறான். அவன் பக்கம் ஆள் அதிகம், இங்கே தென்னை அதிகம். கிராமம் மொத்தமும் சாப்பிடும். பன்றிகளை எண்ணி வைத்தாயிற்று, தாழைக்கூழுக்கு அண்டா இரவல் சொல்லியாயிற்று. வீட்டில் ஒவ்வொருவரும் என்ன கொண்டுவர வேண்டும் என்று பெரியப்பா நோட்டில் எழுதியபோது என்னையும் கேட்டார். ஆன்ட்டி எனக்கு முன்னால் பதில் சொன்னார்: “பேட்டி சாம்பார் வைப்பாள்.” பேட்டி என்றால் இந்தியில் மகள். எப்போது மேடத்திலிருந்து பேட்டி ஆனேன் என்று நான் கவனிக்கவில்லை.

முந்நூறு பேருக்குச் சாம்பார் வைத்துப் பழக்கமில்லை. கப்பலில் கூட வந்த கொத்தனார்களில் ஒருவர் ஊரில் கல்யாணச் சமையல் கூட்டத்தில் இருந்தவராம். அவரிடம் பருப்புக் கணக்குக் கேட்டு வைத்திருக்கிறேன். கடையில் இருக்கும் துவரம்பருப்பு போதாது, போர்ட் பிளேரிலிருந்து வரவேண்டும். புளியும் அப்படித்தான். கப்பல் தேதி இன்னும் போடவில்லை. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறது, காலை அப்சர்வேஷனில் எட்டுக்கு ஏழு. தேதி தள்ளிப்போனால் ரசம்தான் என்று பெரியப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ரசம் என்றால் என்ன என்று அவர் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.